கயிற்றின் கடைசி ஆள்

அப்துல் ஸமட்டுக்கு அந்த ஒரு விசயம் மட்டும் மண்டைக்குள் இறங்கவே இல்லை. தசைக்குத் தள்ளத் தெரியாதாம். இழுக்க மட்டும்தான் தெரியுமாம்.

"அப்ப இது என்ன?" என்று அவன் குசினிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, சுவரே சாய்ந்துவிடும் போலத் தள்ளிக் காட்டினான். ஆணியில் தொங்கிய சுளகு கீழே விழுந்தது.

"அதுவும் இழுக்கிறதுதான் காக்கா," என்றாள் தங்கச்சி ஹாஜறா. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறவள். மடியில் புத்தகமும் கையில் வெங்காயமுமாக இருந்தாள். "கையை நீட்டக்குள்ள மேல்கைக்குப் பின்பக்கத்துத் தசை சுருங்குது. சுருங்கி எலும்பை இழுக்குது. கை நீளுது. உங்களுக்குத்தான் அது தள்ளுற மாதிரி இரிக்கி. உள்ளுக்கு நடக்கிறதெல்லாம் இழுவைதான்."

"மடக்கக்குள்ள?"

"முன்பக்கம் இழுக்கும். பின்பக்கம் விட்டுக்குடுக்கும். ஒண்டு இழுத்தா மற்றது விடணும். ரெண்டும் ஒரேயடியா இழுத்தாக் கை அசையாது."

ஸமட் கையை மடக்கினான், நீட்டினான், மறுபடியும் மடக்கினான். இவ்வளவு காலமும் இந்தக் கையால் சைக்கிள் திருத்தியிருக்கிறான், தோணி தள்ளியிருக்கிறான், அடிதடிக்கும் போயிருக்கிறான். அதற்குள் இப்படி ஒரு கயிறிழுத்தல் ஓயாமல் நடந்துகொண்டிருப்பதை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதிலும் தோற்கிற பக்கம் மனமொப்பித் தோற்றுக்கொடுத்தால்தான் சோற்றுப் பிடியே வாய்க்கு வந்து சேருமாம்.

"அப்ப போட்டியில கயிறு இழுக்கக்குள்ள நான் எதை இறுக்கணும், எதை விடணும்?"

"அசையாமப் பிடிக்கணுமெண்டா ரெண்டு பக்கத்தையும் இறுக்கணும். அசையணுமெண்டா ஒரு பக்கத்தை விடணும்."

"பிடிச்சிக்கிட்டே அசையணுமெண்டா?"

ஹாஜறா வெங்காயம் உறைத்த கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "கை பிடிக்கட்டும், கால் அசையட்டும். வேறென்னத்தைச் சொல்ற? மாவடிப்பள்ளிக்காரரைத் தோற்கடிக்கிற பாடம் இந்தப் புத்தகத்தில இல்ல."

"வாயைப் பாரு இவட."

"என்ன வாய்? அடுத்த வருசம் நீங்களே மாவடிப்பள்ளிக்காரர்தானே."

அங்கேதான் அவனுக்குச் சுருக்கென்றது.

சாய்ந்தமருதுக் கடற்கரை அணியும் மாவடிப்பள்ளி அணியும் ஒவ்வொரு சித்திரையும், வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, கயிறிழுக்கும். பக்கத்துக்கு எட்டுப் பேர். மூன்று இழுவை. இரண்டை எடுத்தவன் வென்றவன். கடற்கரை அணியின் கடைசி ஆள் ஸமட். கயிற்றின் நுனியைக் கக்கத்துக்குள்ளால் எடுத்து முதுகில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரிப் புதைந்து நிற்கவேண்டியவன். போன இரண்டு வருசமும் தோல்வி. இந்த வருசம் வென்றே ஆகவேண்டும், ஏனென்றால் அவனுக்கு அடுத்த வருசம் என்று ஒன்று இல்லை. நோன்புக்கு முன்னால் கலியாணம். பெண் மாவடிப்பள்ளி ஸுல்பிகா. நம்ம பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். போனால் அந்த ஊர் ஆள்தான். அந்த ஊர்ப் பள்ளிவாசல், அந்த ஊர் வயல், அந்த ஊர்க் கயிறு. இது போதாதென்று மாவடிப்பள்ளி அணியின் கடைசி ஆள் யாரென்றால் மீராமுகைதீன். ஸுல்பிகாவின் கூடப் பிறந்த காக்கா.

கலியாணப் பேச்சு ஒப்பேறிய நாளிலிருந்து கடற்கரையில் ஒரே கேள்விதான். "என்ன மாப்பிள்ளை, இந்த முறை கயிற்றை இழுப்பியா, விடுவியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் கேட்டுவிட்டு அவன் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள்.

முந்திய வருசங்களில் கயிற்றைத் தென்னையில் கட்டி இழுத்துப் பழகுவார்கள். போன கார்த்திகையில் அடித்த சூறாவளி கரையிலிருந்த தென்னைகளை எல்லாம் படுக்கப் போட்டுவிட்டது. கட்டுவதற்கு ஒரு மரம் மிச்சமில்லை. கரைவலைக்காரன் கச்சிமுகம்மதுதான் அணித் தலைவன், கயிற்றில் முதல் ஆளும் அவன்தான். அவன் சொன்னான்: "மரம் என்னத்துக்கு? என்ட வலையை இழுங்க. உடம்பும் பழகும், கறிக்கு மீனும் கிடைக்கும்."

அப்படியே எட்டுப் பேரும் காலையில் அவனுடைய வலைக் கயிற்றில் தொங்கினார்கள். கரைவலை இழுவைக்கு ஒரு தாளம் உண்டு. அலை கரைக்கு ஏறும்போது வலை இளகும். "அலை!" என்று கச்சிமுகம்மது குரல் கொடுப்பான், எல்லாரும் ஒன்றாய்ப் பின்வாங்கி இழுப்பார்கள். அலை திரும்பும்போது கடல் வலையைத் தன் பக்கம் வாங்கும். அப்போது கடலோடு மல்லுக்கட்டக் கூடாது. குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைச் சரித்து, சும்மா தொங்கி நின்றால் போதும். கையும் முதுகும் ஓயும், உடம்பின் பாரம் மட்டும் பிடிக்கும். பிறகு மறுபடி அலை.

பின்னேரங்களில் ஸமட் தன் புதுப் படிப்பைக் காட்டத் தொடங்கினான். விழுந்து கிடந்த தென்னங்குற்றி ஒன்றில் கயிற்றைக் கட்டி எல்லாரையும் நிறுத்தினான்.

"இறுக்குங்க! முன்னுக்கும் இறுக்குங்க, பின்னுக்கும் இறுக்குங்க! ஒரு இடம் விடாதீங்க!"

எட்டுப் பேரும் இறுக்கினார்கள். முகம் சிவந்தது. கழுத்து புடைத்தது. குற்றி மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. நடுவில் நின்ற தங்கராசா, கல்முனைக்காரன், வலைக்கும் கயிற்றுக்கும் பழைய ஆள், அவன் வெட்டிய வாழை மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்து மணலில் விழுந்தான்.

"என்னடா?"

"நீதானே எல்லாத்தையும் இறுக்கச் சொன்னாய்," என்றான் தங்கராசா கிடந்தபடியே. "மூச்சையும் சேர்த்து இறுக்கிட்டன்."

"சரி, இனிக் கொஞ்சம் விடுங்க."

"எதை விடுற?"

"முன்னுக்கு. இல்ல இல்ல, பின்னுக்கு. காலில பின்னுக்கு விடுங்க, கையில ரெண்டையும் பிடிங்க. முழங்கால் நீளணும், ஆனா நீங்க தள்ளப்படாது, இழுத்து நீட்டணும்."

ஏழு பேரும் தங்கள் முழங்காலைக் குனிந்து பார்த்தார்கள். கச்சிமுகம்மது கயிற்றைக் கீழே போட்டான்.

"டேய், என்ட உடம்பில எத்தினை தசை இரிக்கெண்டு எனக்குத் தெரியா. நான் அதுகளிட்ட இதுவரை ஒண்டும் கேட்டதுமில்ல. கயிறு இஞ்சால வரணும். எனக்கு அவ்வளவுதான்."

ஸமட்டுக்கும் அவ்வளவுதான் வேண்டும். ஆனால் கேள்வி விடவில்லை. சைக்கிள் கடையில் மிதிகட்டையைச் சுற்றும்போதெல்லாம் தொடையை அமுக்கிப் பார்த்தான். முன்பக்கம் கல்லாகும்போது பின்பக்கம் பஞ்சாகியது. பின்பக்கம் கல்லாகும்போது முன்பக்கம். யார் சொல்லி இது நடக்கிறது? அவன் சொல்லவில்லை. அவனைக் கேட்காமலேயே அவனுக்குள் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

போட்டி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், அறுவடை முடிந்த வயலில். வரம்பு முழுக்கச் சனம். அரிதாள் காலடியில் நறநறத்தது. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். தன் பக்கக் கோட்டைத் தாண்டி இழுபட்டவன் கயிற்றை விட்டுவிட வேண்டும், எட்டுப் பேரும் தாண்டினால் அந்த இழுவை தோல்வி.

மீராமுகைதீன் கயிற்றின் மறுநுனியிலிருந்து நடந்து வந்து ஸமட்டின் தோளில் கையைப் போட்டான். ஆள் கதவு மாதிரி அகலம். "மச்சான், வயிறு நிரம்பச் சாப்பிட்டீங்களா? இல்லாட்டி முன்னுக்கு விழக்குள்ள வயிறு நோகும்."

"உங்கட தங்கச்சிட கையால இன்னும் சாப்பிடல்ல மச்சான். பசியோடதான் இரிக்கன். கவனம்."

இரண்டு பக்கமும் சிரித்தது. கச்சிமுகம்மது சிரிக்கவில்லை.

விசில் அடித்தது. முதல் மூச்சிலேயே துணி கடற்கரைப் பக்கம் வந்தது. ஒரு முழம். இன்னும் கொஞ்சம். வரம்பிலிருந்து கடற்கரைச் சனம் கத்தியது. அப்போதுதான் அது நடந்தது. ஒருவரும் விடவில்லை. ஆனால் கயிறு இளகியது. முழு வரிசையும் ஒரு மூச்சு செத்துப்போன மாதிரி. அந்த மூச்சுக்குள் மாவடிப்பள்ளி இரண்டு எட்டு வைத்துவிட்டது. ஸமட் பல்லைக் கடித்து மீட்டான். மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி அதே இளக்கம். பிறகு மறுபடி. அரிதாளோடு உழுதுகொண்டே போய் எட்டுப் பேரும் கோட்டைத் தாண்டினார்கள்.

"ஆர்டா விட்டது?" கச்சிமுகம்மது திரும்பி வரிசை முழுவதையும் பார்த்தான். பார்வை ஒவ்வொரு ஆளாய் வந்து கடைசியில் நின்றது. "பின்னாலதான் இளகிச்சி. எனக்குத் தெரியும். பின்னுக்கிருந்துதான் கயிறு செத்துது."

"நான் விடல்ல."

"மாப்பிள்ளைக்கு மாமி வீட்டு நினைப்பு," என்றான் வரிசையில் ஒருவன்.

"அல்லாவுக்காக, நான் விடல்ல!"

சொல்லிவிட்டான். சத்தியம் பண்ணுவதற்கு அவனுக்கு என்ன தெரியும்? மிதிகட்டையை மிதிக்கும்போது பின்தொடை அவனிடம் கேட்டா விட்டது? முழங்கை அவனிடம் உத்தரவு வாங்கியா மடங்குகிறது? ஸுல்பிகாவின் பெயர் நுழைந்த உடம்பு இது. அதில் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு தசை, இவனுக்குச் சொல்லாமல், மறுபக்கத்துக்காரரைப் போல நடந்திருந்தால்? அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். யாரோ இரவல் தந்த கை மாதிரி இருந்தது.

தங்கராசா பக்கத்தில் வந்து துப்பினான். "அவன் கிடக்கான், நீ இழு. விட்டனியோ விடல்லியோ, இனி விடாதே."

"நான் விட்டனெண்டு நீயும் சொல்றியா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. எனக்கு முதுகில கண்ணில்ல."

இரண்டாவது விசில். இந்த முறை ஸமட் தன்னையே வேவு பார்த்துக்கொண்டு இழுத்தான். கை, பிடித்திருக்கிறது. முதுகு, பிடித்திருக்கிறது. தொடை, வேலை செய்கிறது. துணி நடுவில் ஆடியது. இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தான். வந்தது. அந்த இளக்கம் வந்த கணத்தில் தன் உடம்பு என்ன செய்கிறதென்று அவன் கண்டுபிடித்தான். குதிக்கால் புதைந்திருந்தது. உடம்பு சரிந்திருந்தது. கை ஓய்ந்திருந்தது. அவன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தான். தொங்கிக்கொண்டு எதற்கோ காத்திருந்தான்.

தலையைத் தூக்கி முன்னால் பார்த்தான். ஏழு முதுகும் அதே சரிவில் தொங்கிக்கொண்டிருந்தன.

அலைக்கு!

"கடலில்லடா!" என்று கத்தினான். "இது வயல்! அலை வராது!"

ஒருவருக்கும் விளங்கவில்லை. தங்கராசா மட்டும் "என்னடா உளறுறாய்?" என்று மூச்சுக்கிடையில் கேட்டான். கோடு முதல் ஆளின் காலுக்குக் கிட்ட வந்துவிட்டது. விளக்கம் சொல்ல நேரமில்லை. உடம்புக்குத் தெரிந்த பாசையில்தான் சொல்லவேண்டும். மறுபக்கத்து இழுவை ஒரு நொடி தளர்வதைக் கயிற்றில் உணர்ந்தான், அவர்களும் மூச்சு விடத்தானே வேண்டும். அந்த நொடியில், நெஞ்சு கிழிய, கச்சிமுகம்மதுவின் குரலிலேயே கத்தினான்:

"அலை!"

எட்டு உடம்பும் ஒன்றாய் எழும்பியது. ஒரு காலும் மற்றக் காலைக் கேட்கவில்லை. முழங்கால்கள் நீண்டன, இடுப்பு பின்னால் போனது, கைகள் இரும்புக் கொக்கி மாதிரி அப்படியே நின்றன. "பிடி!" என்றான். பிடித்தது. மறுபக்கம் இழுத்துக் களைத்து மூச்செடுத்தது. "அலை!" ஒரு எட்டு. "பிடி! அலை!" துணி பறந்து வந்தது, அதன் பின்னால் மாவடிப்பள்ளிக்காரர் எட்டுப் பேரும் தங்கள் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள். வரம்பில் நின்ற சனத்தில் பாதி வயலுக்குள் குதித்துவிட்டது.

மூச்சு வாங்கி முடிய ஸமட் அவசர அவசரமாகச் சொன்னான். "நாம எல்லாருமாத்தான் விட்டம். ஒருத்தரில்ல. கரைவலை இழுத்து இழுத்து உடம்பு அதைப் பழகிட்டு. கொஞ்சம் இழுத்தா, அலை திரும்புற நேரமெண்டு தானா ஓயுது. இஞ்ச அலையில்ல. அவனுகள் இடைவிடாம இழுக்கானுகள்."

கச்சிமுகம்மது நெற்றியைச் சுருக்கினான். வலை இழுக்கச் சொன்னவன் அவன். "அப்ப என்ட வலையாலதான் தோத்தமெண்டு சொல்றியா?"

"இப்ப உன்ட வலையாலதானே வெண்டம்."

கச்சிமுகம்மது கயிற்றின் சிவப்புத் துணியை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எல்லாரும் விட்டமெண்டு சொல்றது லேசு. ஆர் முந்தி விட்டது? முன்னுக்கிருந்து பின்னுக்குப் போச்சா, பின்னுக்கிருந்து முன்னுக்கு வந்திச்சா?"

நேர்மையாகப் பார்த்தால் ஸமட்டுக்கும் தெரியாது.

"கடைசி இழுவைல பாப்பம்," என்றான் கச்சிமுகம்மது. "மூணாவதுல கயிறு பின்னால செத்தா, நீ இப்பவே அங்கால நடந்து போ. வீடு கிட்டத்தானே."

மூன்றாவது விசில். "அலை!" ஒரு எட்டு வந்தது. "பிடி!" பிடித்தது. "அலை!" இந்த முறை கயிறு வரவில்லை. ஸமட் தலையை நீட்டிப் பார்த்தான். கயிற்றின் மறுநுனியில் மீராமுகைதீன் கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். ஸமட் "அலை" என்று சொன்னதும் மாவடிப்பள்ளி முழுக்கக் கட்டையாக இறுகியது. ஒரு நூல் அசையவில்லை. ஸமட் "பிடி" என்று சொல்ல வாயெடுத்த அந்தக் கணம், எட்டு உடம்பும் இழுவையிலிருந்து பிடிக்கு மாறுகிற அந்த ஒரு கணம், ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இறுகுவதற்கிடையிலான அந்த வெறும் கணம், "ஹேய்!" என்று அவர்கள் பாய்ந்தார்கள்.

ஒரு எட்டுப் போனது.

மச்சான்காரன் கேட்டே பிடித்துவிட்டான். ஸமட் குரலை நிறுத்தினான். நிறுத்தியதும் வரிசை தடுமாறியது. முன்னால் ஒருவன் இழுத்தான், அவனுக்குப் பின்னால் ஒருவன் தொங்கினான், நடுவில் தங்கராசா "அலையா பிடியாடா, சொல்லு!" என்று அலறினான். சொன்னால் மறுபக்கத்துக்கும் கேட்கும். சொல்லாவிட்டால் இவர்களுக்கே தெரியாது. "அலை!" என்று பொய்யாக ஒரு குரல் கொடுத்துப் பார்த்தான், அதற்கும் தன் ஆட்களே பாய்ந்து, பாய்ந்த வேகத்தில் சறுக்கினார்கள். இன்னும் ஒரு எட்டுப் போனது.

அதற்குப் பிறகு ஸமட் எதையும் யோசிக்கவில்லை. இறுக்குவதா விடுவதா என்ற கணக்கெல்லாம் கலைந்து போனது. கயிறு முதுகை அறுத்தது. குதிக்கால் வயலைக் கிழித்துக்கொண்டு போனது. முன்னால் ஒவ்வொருவராகக் கால் இடறிக் கோட்டைத் தாண்ட, தாண்டியவர்கள் கயிற்றை விட்டு ஒதுங்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கயிற்றில் அவன் ஒருவன்தான். எட்டுப் பேர் அவனை இழுத்தார்கள். முகம் குப்புற விழுந்து, அரிதாளில் மார்பு தேய, கோட்டுக்கு அப்பாலும் கொஞ்சத் தூரம் போய்த்தான் கயிறு நின்றது.

விசில் அடித்தது. மாவடிப்பள்ளி ஊரே வயலுக்குள் இறங்கியது. மீராமுகைதீன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஸமட்டைப் புரட்டி உட்கார்த்தினான். "மச்சான்! என்ன மச்சான், முடிஞ்சிது, விடுங்க."

"விடத்தான் பாக்கன்," என்றான் ஸமட்.

விரல்கள் விடவில்லை. இரண்டு கையும் கயிற்றோடு கல்லாகியிருந்தன. முன்கை முழுக்கத் தசை முடிச்சு முடிச்சாய் எழும்பித் துடித்தது. விரல் நீள வேண்டுமென்று அவன் தன்னால் ஆனதெல்லாம் செய்தான். நீட்டுகிற பக்கம் இழுத்ததோ என்னவோ, மடக்குகிற பக்கம் விட்டுக்கொடுப்பதாய் இல்லை. மீராமுகைதீன் சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தான். நிமிர்ந்த விரல் கையை எடுத்ததும் மறுபடி மடங்கியது.

"தள்ளுங்க," என்று ஒரு குரல் கேட்டது. கச்சிமுகம்மது. அவன் ஸமட்டுக்கு முன்னால் அரிதாளில் முழங்காலிட்டான். அந்த முன்கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான், வலையில் சுற்றிய நூலை அவிழ்க்கிறவன் போலப் பொறுமையாக. சுற்றி நின்ற கடற்கரைக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, மாமி வீடு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கச்சி," என்றான் ஸமட். உதட்டில் அப்பிய மண்ணைத் துப்பினான். "முதல் தரம் நான் விட்டனா?"

கச்சிமுகம்மது பெருவிரலைக் கயிற்றிலிருந்து பெயர்த்து எடுத்தான். பிறகு அடுத்த விரல்.

"எனக்குத் தெரியா," என்றான். "உனக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப விடு."

"விடுதில்லையே கச்சி."

"விடும், விடும். கொஞ்சம் இரு," என்று அவன் மூன்றாவது விரலைப் பிடித்தான்.